கொக்குவில் தம்பிமாருக்கு

எங்கள் கொக்குவில் பெடியள் இரண்டு பேர் வீட்டு அறையில் லப்டொப்பை வைத்து டான்ஸ் மியூசிக் செய்கிறார்கள். "அண்ணை, ஸ்டூடியோ இல்லாமல் சரிவருமோ?" என்று கேட்டார்கள்.

சரிவரும் தம்பி. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு டான்ஸ் மியூசிக் குழுவின் இருவரும், தோமா பங்கால்தேரும் கி-மானுவல் டி ஓமெம்-கிறிஸ்டோவும், பாரிஸில் ஒன்றாகப் படித்தவர்கள். முதலில் கிட்டார் பிடித்து ஒரு ரொக் குழு நடத்தினார்கள், அது எடுபடவில்லை. 1997இல் வந்த முதல் ஆல்பம் 'ஹோம்வேர்க்' தோமாவின் படுக்கையறையில் செய்தது!

அதில் 'அரவுண்ட் த வேர்ல்ட்' பாட்டை ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ. பாட்டு முழுக்க ஒரே வரிதான். ஆனால் பேஸ் நுழையும், டிரம் விலகும், சின்த் (மின்னணு இசைக்கருவி) மேலேறும். எங்கள் கோயில் திருவிழாக்களில் இரண்டு தவில்கள் மாறிமாறி விட்டுக்கொடுத்து வாசிப்பது போல. எதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் அவர்களின் கெட்டித்தனம் இருக்கிறது.

பிறகு அவர்கள் போட்ட ரோபோ தலைக்கவசம், 2006இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் அந்தப் பிரமிட் வடிவ அமைப்பு, அதெல்லாம் நீங்கள் யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 2013இல் வந்த ஆல்பம். ஊரெல்லாம் கணினிக்குள் போன நேரத்தில் இவர்கள் டிரம் வாசிப்பவர்களைக் கூப்பிட்டார்கள், அமெரிக்கக் கிட்டார் கலைஞர் நைல் ரோஜர்ஸைக் கிட்டார் வாசிக்க வைத்தார்கள். 2014இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அதற்குத்தான். 2021 பெப்ரவரியில் பிரிந்தார்கள். அவ்வளவு காலத்தில் ஸ்டூடியோ ஆல்பங்கள் நான்கே நான்கு.

ஆறுதலாகச் செய்யுங்கோ தம்பிமார். முடிந்ததும் முதலில் எனக்கு அனுப்புங்கோ.