63 மி.மீ. குழாயில் ஒரு போரெய்: நீர்மட்டம் வரை வந்த கதை

வேலூர் லாங் பஜாரில் வாங்கிய 63 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய்தான் இந்த மாதிரியின் அளவைத் தீர்மானித்தது. ருஷ்யாவின் போரெய் வகுப்பு அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் அகலம் 13.5 மீட்டர், நீளம் 170 மீட்டர். அகலத்தைக் குழாயின் விட்டத்தோடு பொருத்தியபோது 1:214 என்ற விகிதமும், 793 மி.மீ. நீளமும் கிடைத்தன. நம் நாட்டு அணுசக்தி நீர்மூழ்கியான அரிஹந்தைத்தான் முதலில் செய்ய விரும்பினேன். ஆனால், அளவெடுக்கும் அளவுக்குத் தெளிவான படங்கள் எனக்குக் கிடைக்காததால் அதைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

குழாய் இந்தக் கப்பலுக்கு ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம் அதன் ஏவுகணையே. முந்தைய டெல்டா-4 வகுப்பில் ஏவுகணைகள் உடலின் விட்டத்தைவிட நீளமானவை. அதனால் முதுகில் பெரிய திமில் எழுந்து நிற்கும். போரெய்க்கு முதலில் திட்டமிடப்பட்ட 'பார்க்' ஏவுகணை சோதனைத் தோல்விகளுக்குப் பின் 1998-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 'புலாவா', ஏவும் உறைக்குழலோடு சேர்த்தே 12.1 மீட்டர்தான். கப்பலைத் திருத்தி வடிவமைத்து, 12 ஏவுகணைகளுக்குப் பதிலாக 16 வைத்தார்கள். ஆகவே நான் முதுகில் மெல்லிய மேடு ஒன்றை எம்-சீல் கொண்டு எழுப்பி, அதில் எட்டெட்டாக இரண்டு வரிசை மூடிகளைக் கீறினால் போதுமானதாக இருந்தது. வகுப்பின் முதல் கப்பலான யூரி டோல்கோருகியைத் தேர்ந்தெடுத்தேன். செவெரோத்வின்ஸ்க் நகரில் 1996-இல் கட்டத் தொடங்கிய அது, 2013 ஜனவரியில்தான் கடற்படையில் சேர்ந்தது. அதன் மேற்கோபுரத்தின் முன்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் அழகு, 2020-இல் பணிக்கு வந்த திருத்திய வடிவமான 'கினியாஸ் விளாதிமீர்' கப்பலில் இல்லை.

முதல் குழாய் வீணாயிற்று. எடை பார்ப்பதற்காக உள்ளே மணல் பொட்டலங்களை அடைத்து, பிரைமர் காய்வதற்காக மொட்டைமாடியில் இரு முனைகளிலும் செங்கல் கொடுத்து வைத்திருந்தேன். மே மாத வெயிலில் நான்கு மணி நேரத்துக்குள் நடுப்பகுதி 4 மி.மீ. தொய்ந்துவிட்டது. இரண்டாவது குழாயை வீட்டுக்குள்ளேயே காயவைத்தேன்.

மூக்கையும் வாலையும் தேக்குத் துண்டுகளில் கடைய வேண்டியிருந்தது. சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஆசாரி, "சார், வால் பக்கம் முள்ளங்கி மாதிரி முடியணுமா, கேரட்டு மாதிரி போவணுமா?" என்று கேட்டார். நான் படத்தைச் சரியாகப் பார்க்காமல் முள்ளங்கி என்றேன், 160 மி.மீ. நீளத்தில் அப்படியே கடைந்து தந்தார். அந்தத் தவறு எனக்குக் கண்ணால் தெரியவில்லை. தண்ணீரில்தான் தெரிந்தது.

போரெய் மேற்பரப்பில் மிதக்கும்போது அதன் எடை 14,720 டன் என்றும், மூழ்கியபோது 24,000 டன் என்றும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் ஓஹையோ வகுப்பில் இந்த இடைவெளி 16,764-க்கும் 18,750-க்கும் இடையில்தான். ஒரு பகுதிக்குள் நீர் புகுந்தாலும் கப்பல் மிதந்து நிற்க வேண்டும் என்று வெளியுடலுக்கும் உள்ளுடலுக்கும் இடையில் நிறைய இடம் விடுவது ருஷ்ய வழக்கம். எடை விகிதத்தின் மும்மடிப்படி குறையும் என்பதால், என் மாதிரி மிதக்கும்போது 1,496 கிராம் இருக்க வேண்டும். கடல்நீர் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. எங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பதோ நன்னீர். அதனால் 1,460 கிராமாகக் குறைத்து, பொட்டலங்களை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலைப்படுத்தி இறக்கினேன்.

கப்பலின் மிதவை ஆழம் 10 மீட்டர். மாதிரியில் 47 மி.மீ. வரை நீர் ஏற வேண்டும். 41 மி.மீ.-இலேயே நின்றுவிட்டது. எடை சரியாக இருந்தும் அமிழவில்லை என்றால், உடல் தேவைக்கு மேல் பருத்திருக்கிறது என்றுதான் பொருள். மேலிருந்து எடுத்த படங்களை மறுபடியும் விரித்துப் பார்த்தபோது, உடல் வெகுதூரம் முன்பிருந்தே மெலியத் தொடங்கி, பம்ப்-ஜெட் வளையத்தில் போய் முடிவது புலப்பட்டது. விசிறி வெளியே தெரியாமல் வளையத்துக்குள் சுழல்வதால் இரைச்சல் குறையும். ருஷ்ய ஏவுகணை நீர்மூழ்கிகளில் இந்த அமைப்பு போரெயில்தான் முதலில் வந்தது.

குழாயில் 90 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு, 250 மி.மீ. நீளத்தில் கேரட்டு வடிவ வாலை ஆசாரியிடம் கடைந்து வாங்கினேன். பட்டி பூசி, உப்புத்தாளில் மூன்று மாலைகள் தேய்த்து இழைத்தேன். கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட், கப்பலின் உடல்மேல் ஒட்டியிருக்கும், ஒலியை விழுங்கும் ரப்பர் ஓடுகளின் மங்கிய கருமையை அப்படியே தந்தது. கடையில் கிடைக்கும் வேறெந்தக் கறுப்பும் இவ்வளவு பொருந்தவில்லை.

நேற்று மறுபடியும் அதே எடையில் தொட்டியில் இறக்கினேன். நீர்மட்டம் 43.5 மி.மீ.-க்கு வந்திருக்கிறது. இன்னும் 3.5 மி.மீ. பாக்கி, உண்மைக் கப்பலில் அது முக்கால் மீட்டர். மூக்கும் பருத்துத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை இழைத்து முடிக்கும்வரை நீர்மட்டக் கோட்டைப் பென்சிலிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.