மெய்யெழுத்து வரிசையும் பைத்தான் டியூப்பிளும்

தமிழ்ச் சொற்களைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் அப்படியே வரிசைப்படுத்தினால் ‘மனம்’ முன்னும் ‘மலை’ பின்னும் வருகின்றன. எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வைக்கப்பட்டிருப்பதும், பைத்தான் அந்தக் குறியெண்களையே ஒப்பிடுவதும்தான் இதற்குக் காரணம். நம் மரபில் ‘ன’ 18 மெய்களில் கடைசி. ஆகவே ‘க’ முதல் ‘ன’ வரையிலான வரிசையை ஒரு டியூப்பிளில் (உருவாக்கிய பின் மாற்ற முடியாத பட்டியலில்) எழுதிவைத்து, ஒவ்வோர் எழுத்தும் அதில் எங்கே நிற்கிறது என்று கேட்டு, கிடைக்கும் எண்ணைக் கொண்டு சொற்களை ஒப்பிடுகிறேன். நிரலின் எந்த மூலையிலும் மாறக் கூடாத வரிசை என்பதால் மாற்றக்கூடிய பட்டியலான லிஸ்டை விட டியூப்பிளே இதற்குப் பொருத்தம். (புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும்.)

எழுத்தின் இடத்தைச் சொல்வது இண்டெக்ஸ் என்னும் மெத்தட் (டியூப்பிளோடு சேர்ந்தே வரும் செயல்). லிஸ்டுக்கு முன்பே இருந்த இந்த வசதி, 2008இல் வந்த 2.6 பதிப்பில்தான் டியூப்பிளுக்கும் கிடைத்தது. எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் ‘க’வுக்கு 0, ‘ன’வுக்கு 17.

‘ஜ’வைக் கேட்டால் என்ன ஆகும்? அது டியூப்பிளில் இல்லாததால் வேல்யூ எரர் என்னும் பிழை எழுந்து நிரல் நின்றுவிடும். சரங்களுக்கு (எழுத்துத் தொடர்களுக்கு) உள்ள ஃபைண்ட் மெத்தட் போல, தேடியது இல்லாதபோது -1 தந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தராததே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பைத்தானில் -1 என்பது கடைசி இடத்தையும் குறிக்கும் என்பதால், அந்த எண்ணைக் கொண்டு எழுத்தைத் திரும்ப எடுத்தால் ‘ஜ’வுக்குப் பதில் ‘ன’ கிடைக்கும். வரிசைப்படுத்தப் பயன்படுத்தினாலோ ‘ஜ’ போய் ‘க’வுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பிழைகளும் சத்தமில்லாமல் நடப்பவை. எரர் வந்தால், ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை எங்கே வைப்பது என்று நாமே முடிவு செய்தாக வேண்டும். நான் ‘ன’வுக்குப் பின்னால் சேர்த்திருக்கிறேன்.

இண்டெக்ஸ் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. ‘ன’வைக் கண்டுபிடிக்க 18 ஒப்பீடுகள். சில சொற்களுக்கு இது பொருட்டல்ல. பெரிய சொற்பட்டியல் என்றால், எழுத்தையும் அதன் இடத்தையும் இணைக்கும் ஒரு டிக்ஷனரியை, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் தரும் எனியூமரேட் கொண்டு முதலிலேயே உருவாக்கிக்கொள்வது மேல். டியூப்பிள் மாறாது என்பதால் அந்த டிக்ஷனரியைப் பிறகு புதுப்பிக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஒரே மதிப்பு இருமுறை வரும் டியூப்பிளில் இண்டெக்ஸ் முதல் இடத்தையும், இப்படி உருவாக்கிய டிக்ஷனரி கடைசி இடத்தையும் தரும். மெய்யெழுத்துகளில் அப்படி எதுவும் திரும்ப வருவதில்லை என்பதால் இங்கே இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன.