படவரிசையை வீடியோவாக்கும்போது நான் முதலில் பார்ப்பவை

அனிமேஷன் காட்சியைக் கணினி ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, வரைந்து தருவதுதான் ரெண்டர். அது முடிந்து வரும் படவரிசைகளை வீடியோவாக்கி அனுப்பும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சிஆர்எஃப் எவ்வளவு வைக்கணும்?" சிஆர்எஃப் என்பது வீடியோவைச் சுருக்கும்போது தரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் எண், அது குறைந்தால் தரமும் கோப்பின் அளவும் கூடும். நியாயமான கேள்வி. ஆனால் சரியில்லை என்று எங்களுக்குத் திரும்பி வந்த வேலைகளை நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணால் கெட்டது அவற்றில் மிகக் குறைவு. சுருக்கம் தொடங்குவதற்கு முன்பே, நாம் எதுவும் சொல்லாததால் மென்பொருள் தானாக முடிவு செய்துகொண்ட விஷயங்களில்தான் பெரும்பாலானவை கெட்டிருந்தன.

படவரிசையில் உள்ள ஒரு பிஎன்ஜி படக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிக்சல்கள் இருக்கின்றன, அகலம் உயரம் இருக்கிறது. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது அதில் இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வீடியோவாக்க நாங்கள் கட்டளை எழுதி ஓட்டும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் நொடிக்கு 25 என்று எடுத்துக்கொள்ளும். 24 என்ற கணக்கில் அனிமேஷன் செய்த மூன்று நிமிடக் காட்சியில் 4320 ஃபிரேம்கள் இருக்கும், 25-ல் ஓடினால் 172.8 நொடியில் படம் முடிந்துவிடும், ஒலி மட்டும் இன்னும் 7.2 நொடி பாக்கி. இதையாவது யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மோசமானது இன்னொன்று. படவரிசை எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கட்டளையில் படங்களின் பெயருக்கு முன்னால் தர வேண்டும். வேகத்தைப் பின்னால் தந்தால் அது வெளியீட்டுக்கான வேகமாகிவிடும், மென்பொருள் 25 என்றே படித்துக்கொண்டு, அதை 24 ஆக்குவதற்காக நொடிக்கு ஒரு ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிடும். கோப்பின் விவரத்தில் 24 என்று சரியாகவே காட்டும். கேமரா மெதுவாக நகரும் இடங்களில் மட்டும் நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் துள்ளல் தெரியும். அனிமேட்டர் பாவம், தன் அசைவில்தான் ஏதோ தப்பு என்று அசைவின் வேகத்தைக் காட்டும் வளைகோடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருப்பார்.

அப்புறம் கோப்புப் பெயரில் வரும் ஃபிரேம் எண்கள். ஷாட்டின் முதல் ஃபிரேமை 1001 என்று தொடங்குவது விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) வேலையில் வழக்கம், ஆனால் எஃப்எஃப்எம்பெக் முதல் படத்தை 0 முதல் 4 வரைதான் தேடும், தொடக்க எண்ணைச் சொல்லாவிட்டால் கோப்பே இல்லை என்று நின்றுவிடும். அது நல்லதுதான், நின்றால் நமக்குத் தெரியும். நடுவில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆகாமல் விட்டுப்போயிருந்தால் அப்படி இல்லை, அந்த இடைவெளி வரைக்கும் படித்துவிட்டு அங்கேயே முடித்துவிடும், அதுவரைக்குமான வீடியோ கோப்பு வந்துவிடும். அதனால் என்கோட் செய்வதற்கு, அதாவது படங்களைச் சுருக்கி வீடியோவாக்குவதற்கு, முன் ஃபோல்டரில் எத்தனை ஃபிரேம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும், கோப்புகளை அளவு வாரியாக அடுக்கி 0 பைட் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதும் எங்களிடம் கட்டாயம்.

நிறம்தான் நிறையப் பேரைச் சுற்றலில் விடுவது. படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபியில் இருக்கிறது, வீடியோவுக்கு வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் ஒய்யுவிக்கு மாற்ற வேண்டும், இங்கே நமக்கு வேண்டிய மாற்றும் கணக்கு இரண்டு: பழைய எஸ்டி வீடியோவுக்கான பிடி.601, எச்டிக்கான பிடி.709. நான் வேலை செய்த பதிப்புகளில் எஃப்எஃப்எம்பெக் எதுவும் சொல்லாவிட்டால் 601-ஐத்தான் எடுத்துக்கொண்டது. எந்தக் கணக்கு என்ற குறிப்பு கோப்பில் இல்லாவிட்டால், 1080 உயரப் படத்தைப் பார்த்ததும் பெரும்பாலான பிளேயர்கள் 709 என்று நினைத்துக்கொள்கின்றன. சிவப்பும் பச்சையும் கொஞ்சம் இடம் மாறிவிடும். வாடிக்கையாளர் தன் லோகோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "கலர் வேற மாதிரி இருக்கே" என்பார், அவர் சொல்வது உண்மைதான். இதற்கு 709 என்று குறிப்பு மட்டும் எழுதினால் போதாது, மாற்றும்போதே 709 கணக்கில் மாற்றச் சொல்லி, பிறகு குறிப்பையும் எழுத வேண்டும். கணக்கு ஒன்றும் குறிப்பு வேறொன்றுமாக இருக்கும் கோப்பு, குறிப்பே இல்லாத கோப்பைவிடத் தொல்லை, ஏனென்றால் சோதிக்கிறவர் குறிப்பைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்று போய்விடுவார்.

இதோடு சேர்ந்தது பிக்சல் வடிவம். பிஎன்ஜியை அப்படியே எக்ஸ்264 என்ற என்கோடருக்குக் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) கொடுத்தால் 4:4:4 ஆக, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறத் தகவலோடு, என்கோட் செய்துவிடும், நம் கணினியில் அழகாக ஓடும், நிறைய டிவிகளிலும் பிரவுசர்களிலும் ஓடாது. பொதுவாக அனுப்பும் கோப்பு என்றால் 8 பிட் 4:2:0 என்று எழுதியே ஆக வேண்டும். அதில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான், ஆகவே நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து வைத்தால் ஓரம் கசியும், எவ்வளவு பிட்ரேட் (நொடிக்குச் செலவிடும் தரவு) கொடுத்தாலும் கசியும். இதை டிசைனரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் அதிக நேரம் செலவிடுவது இருட்டான காட்சிகளில். இரவு வானம், இடமிருந்து வலமாக மெதுவாக வெளுக்கிறது என்று வையுங்கள். 1920 பிக்சல் அகலத்தில் வெளிச்ச அளவு 20-லிருந்து 40 வரைக்கும்தான் ஏறுகிறது, அதாவது 0 முதல் 255 வரை எண்ணும் 8 பிட்டில் இருபதே படிகள், ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 96 பிக்சல் அகலம். பெரிய திரையில் இது பட்டை பட்டையாகத் தெரிய வேண்டும். ரெண்டரில் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், படி மாறும் இடங்களில் டிதர் எனப்படும், படியை மறைக்கும் நுண்ணிய புள்ளிகள் தூவப்பட்டிருப்பதுதான். என்கோடருக்கோ அந்தப் புள்ளிகள் வீண் செலவு. முதல் வேலையாக அவற்றை வழித்துப் போட்டுவிட்டு, மிச்சமாகும் பிட்டுகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். பட்டைகள் வெளியே வந்துவிடும். போதாக்குறைக்கு 0 முதல் 255 வரை இருந்த அளவுகள் வீடியோவில் 16 முதல் 235-க்குள் அடங்க வேண்டும், இருபது படி பதினேழாகிவிடும். சேருமிடம் ஏற்றுக்கொள்ளும் என்றால் 10 பிட்டில் என்கோட் செய்வதுதான் சரியான வழி. இல்லையென்றால் எக்ஸ்264-ல் படத்தின் பகுதிகளுக்குப் பிட்டைப் பங்கிடும் ஏக்யூ அமைப்பில், இருண்ட பகுதிகளுக்குக் கூடுதலாக ஒதுக்கும் மூன்றாவது முறையை வைத்து, சிஆர்எஃப்பையும் இறக்குவேன். வானத்தில் கொஞ்சம் கிரெயின் (மெல்லிய புள்ளிப் பரவல்) சேர்க்கச் சொல்லி, காட்சியின் அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் காம்ப்பாசிட்டரிடம் கேட்பதும் உண்டு, அப்படிச் செய்தால் என்கோடரில் கிரெயினைக் காப்பாற்றும் டியூன் அமைப்பையும் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதையும் வழித்துவிடும்.

சரி, சிஆர்எஃப். எக்ஸ்264-ல் தானாக வருவது 23. ஆறு குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆறு கூட்டினால் பாதியாகும். மூலப் பிரதியான மாஸ்டருக்குப் பக்கத்தில் வைக்கும் பிரதிக்கு 18-க்கு அருகில் தொடங்கி, முழுப் படத்தையும் ஓட்டாமல், மிக இருட்டான பத்து நொடியையும் மழை, துகள், புகை என்று மிக அதிகமாக அசையும் பத்து நொடியையும் மட்டும் என்கோட் செய்து பார்ப்பேன். பிரீசெட்டை, அதாவது என்கோடர் எவ்வளவு நேரம் எடுத்து வேலை செய்யலாம் என்ற அமைப்பை, மெதுவானதாக வைப்பது முக்கியமாகக் கோப்பைச் சிறிதாக்கத்தான், அதற்கு விலை நேரம். அளவு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தால் சிஆர்எஃப்பை விட்டுவிட்டு படத்தை ஒருமுறை அலசிவிட்டு மறுமுறை என்கோட் செய்யும் இரண்டு பாஸ் முறைக்குப் போவதுதான் ஒழுங்கு.

இயக்குநர் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கான பிரதிக்கு இதெல்லாம் வேண்டாம். அங்கே எனக்கு முக்கியம் கீஃபிரேம், அதாவது மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுதாகச் சேமிக்கப்படும் ஃபிரேம். எக்ஸ்264 விட்டால் 250 ஃபிரேம் வரைக்கும் கீஃபிரேம் போடாமல் போகும், அவர் பின்னோக்கி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும்போது பிளேயர் முந்தைய கீஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும், படம் திக்கித் திக்கித்தான் நகரும், பேச்சு படத்தை விட்டுவிட்டுப் பிளேயரைப் பற்றிப் போய்விடும். அதனால் பன்னிரண்டு ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம், ஓரத்தில் ஃபிரேம் எண், வேகமான பிரீசெட். கோப்பு பெரிதாகும். ஆகட்டும், அடுத்த திருத்தம் வந்ததும் அழிக்கப்போகிற கோப்புதான்.