கைப்பிடி அரிசி

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மாவை அடக்கம் பண்ணி இன்றோடு 17 நாள். முதல் மணி அடித்ததும், "அம்மா, சேலை கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வாசலுக்குப் போய்விட்டான்.

இடையன்குடிக் கோயிலில் தூணோரம் அம்மாவின் இடம். சின்னதில் நான் ஆராதனையில் நெளிந்தால் தொடையில் கிள்ளுவாள். "கால்டுவெல் ஐயர் 33 வருஷமா கட்டுன கோயில்ட்டி. ஒனக்கு ஒரு மணி நேரம் உக்கார முடியலையோ?" 1880-இல் பிரதிஷ்டையானதை நேரில் பார்த்தவள் மாதிரிச் சொல்வாள். இன்று கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். பாட்டுதான் வாயில் வரவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

துக்கம் கேட்க மேலத்தெரு அத்தை வந்தார்கள். "அழாதட்டி. அம்மா ஆண்டவர்ட்டல்லா போயிருக்காவ. விசுவாசிச்ச பிள்ள அழலாமா?" அன்பில் சொன்னதுதான். ராத்திரி பாயில் படுத்தால், அழுவதே அவிசுவாசமோ என்று நெஞ்சை அடைக்கிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறேன். ஆனாலும் அடுக்களையில் அம்மா இல்லையே.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. அரிசிப் பானைக்குப் பின்னால் அந்தத் தூக்குவாளி இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அதில் விழும். ரேஷன் அரிசியே இழுபறியாக இருந்த நாளிலும் விழும். எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கேட்டால், "எண்ணாமப் போடணும்ட்டி. அவரு எண்ணிக்கிடுவாரு" என்பாள்.

முக்கால் வாளி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை வரை போட்டிருக்கிறாள். வண்டு விழ ஆரம்பித்திருந்தது. முறத்தில் கொட்டிப் புடைத்துக்கொண்டே அழுதேன்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் அண்ணன் வாசித்தது 56-ஆம் சங்கீதம். காத் ஊரில் பெலிஸ்தர் கையில் அகப்பட்டபோது தாவீது பாடியது. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" துருத்தி என்றால் தோல் பை. வறண்ட சீமையில் தண்ணீரைச் சிந்தாமல் சுமக்கிற பை. அதில் போய்க் கண்ணீரை வைக்கச் சொல்கிறான்! எத்தனையோ தரம் கேட்ட வசனம், இன்றைக்குத்தான் எனக்கென்று கேட்டது. அம்மா எண்ணாமல் போட்ட மாதிரி, நானும் எண்ணாமல் அழுதுகொள்ளலாம்.

அக்டோபர் 30, வியாழன்

எங்கள் சபை ஐயர் வந்திருந்தார். யோவான் 11-ஐ எடுத்து, "செத்துப்போன லாசருவ உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு அழுதாரேம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு ஜெபித்துப் போனார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் அந்த அரிசியைக் காணிக்கையாக வைத்தேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம். மழையில் அம்மாவின் மண்மேடு அமுங்கியிருந்தது. அண்ணன் மண்வெட்டியால் அணைத்துவிட்டான். செவ்வந்தி போட்டு மெழுகுவர்த்தி கொளுத்தினோம். கொஞ்சம் தள்ளி, மாமா கல்லறையில் தலையைச் சாய்த்து மேலத்தெரு அத்தை அழுதுகொண்டிருந்தார்கள். மாமா போய் ஒன்பது வருஷம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழாதீங்க என்று சொல்லவில்லை. காற்றில் அவர்கள் திரி அணைந்து அணைந்து போனது. என்னுடையதிலிருந்து பற்றவைத்துக் கொடுத்தேன்.