வீக்கம் வற்றிவிட்டது, எழுத்து மட்டும் ஏறவில்லை

கண் மருத்துவமனையின் ரெட்டினா (விழித்திரை) பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வைப் பரிசோதகராக, எனக்கு முக்கியமாக இரண்டு வேலை. எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிப் பார்வையை அளப்பது, அப்புறம் விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுப்பது. சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் நீர் கோத்து வருகிறவர்களிடம் இந்த இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. ஸ்கேனில் வீக்கம் நன்றாக வற்றியிருக்கும், அவரோ போன தடவை நின்ற அதே வரியில் நிற்பார். சிலருக்கு நேர்மாறாக, படத்தில் நீர்க்கட்டிகள் அப்படியே இருக்கும், ஆனால் சின்ன எழுத்துகளைக்கூடத் தடங்கலின்றி வாசித்துவிடுவார்.

தையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா இதை நேராகவே கேட்டார். "தம்பி, நீர் வத்திடுச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் எனக்கு ஊசியில நூல் கோக்க முடியல?" இந்தக் கேள்விக்கான பதிலை, வீக்கம் வற்றக் கண்ணுக்குள் முதல் மருந்து ஊசி போடும் முன்பே நாங்கள் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். பின்னால் சொன்னால் அது சமாதானம் போலத்தான் கேட்கும்.

மாகுலா என்பது விழித்திரையின் நடுவில் சுமார் 5.5 மில்லிமீட்டர் அகலமே உள்ள இடம். வாசிப்பது, முகம் பார்த்து ஆளை அறிவது எல்லாம் அதன் மையத்தை நம்பித்தான் நடக்கிறது. பல வருடச் சர்க்கரையில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகி, நீரும் கொழுப்பும் கசிகின்றன. ஆக்ஸிஜன் போதாத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தை அதிகம் சுரக்க, கசிவு இன்னும் கூடுகிறது. ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப் போன்ற ஊசி மருந்துகள் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. கசிவு குறைகிறது, தேங்கிய நீர் வடிகிறது. ஆனால் நீர் தேங்கிக் கிடந்த காலத்தில் அழிந்துபோன ஒளி உணர் செல்களை எந்த ஊசியும் திரும்ப முளைக்க வைப்பதில்லை. வயலில் தேங்கிய வெள்ளம் வடிந்தாலும், அழுகிய பயிர் எழாது, தாக்குப்பிடித்த பயிர்தான் தலை தூக்கும்.

அதனால் ஸ்கேன் திரையில் நான் தடிமன் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. மையத்தில் 500 மைக்ரானுக்கு (அரை மில்லிமீட்டருக்கு) மேல் வீங்கியிருந்தது 300-க்குக் கீழே இறங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பார்வையைப் பற்றி அதிகம் சொல்வது வேறொன்று. ஒளி உணர் செல்களின் வரிசை படத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அது மையத்தில் அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்ப்பேன். உள் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒன்றோடொன்று கலைந்து கிடக்கின்றனவா என்றும் பார்ப்பேன். கோடு அறுந்து, அடுக்குகளும் கலைந்திருந்தால், எவ்வளவு நீர் வற்றினாலும் எழுத்து ஏறுவது கடினம். மையத்துக்கு ரத்த ஓட்டமே நின்றுபோயிருந்தாலும் அப்படித்தான். அந்த அம்மாவின் படத்தில் கோடு ஓரிடத்தில் மங்கியிருந்தது, முழுதாக அறுந்திருக்கவில்லை. டாக்டர் அதையே திரையில் காட்டி, இன்னும் கொஞ்சம் முன்னேற வாய்ப்பு உண்டு, பழையபடி முழுதாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

தாமதத்தின் விலை என்ன என்று ரைஸ், ரைடு என்ற இரண்டு ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது. தொடக்கத்திலிருந்தே மாதாமாதம் ரானிபிசுமாப் போட்டவர்கள் 3 வருட முடிவில் சராசரியாக 10 எழுத்துக்கு மேல் கூடுதலாக வாசித்தார்கள். முதல் 2 வருடம் ஒப்பீட்டுக்காக மருந்து செலுத்தாத போலி ஊசி பெற்று, அதன் பிறகு அதே மருந்துக்கு மாறியவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது 4, 5 எழுத்துதான்.

பார்வை ஏறவில்லை என்றதும் ரெட்டினாவையே குறை சொல்லிவிடவும் கூடாது. புரை வளர்ந்திருக்கலாம். ஊசிக்கு முன் கிருமி நீக்க விடும் அயோடின் சொட்டால் கண் உலர்ந்து மங்கலாகலாம். வீக்கம் அடங்கியதும் கண்ணாடிப் பவரும் கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆகவே மறுபடி பவர் பார்க்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. ரத்த அழுத்தம், சிறுநீரக நிலை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் கேட்பேன். பியோகிளிட்டசோன் மாத்திரை உடலில் நீர் தேங்க வைக்கும், சிலருக்கு மாகுலா வீக்கத்தையும் கூட்டும். அதை மாற்றுவது சர்க்கரை டாக்டரின் முடிவு, நோயாளியே நிறுத்திவிடக் கூடாது.

என்னை மிகவும் வருத்துவது பாதியில் நின்றுவிடுகிறவர்கள். முதல் வருடத்தில் 9, 10 ஊசி தேவைப்படுவது சாதாரணம், அடுத்தடுத்த வருடங்களில் குறையும். இரண்டு மூன்று போட்டதும் "பிரயோஜனமில்லை" என்று விட்டுவிடுகிறவருக்கு, இருக்கிற பார்வை இறங்காமல் நிற்பதும் அந்த ஊசியின் பலன்தான் என்று யாரோ உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் அந்த இன்னொரு கண். "இதுல ஒண்ணும் இல்ல, நல்லா தெரியுது" என்பார்கள். எந்தத் தொந்தரவும் சொல்லாத அந்தக் கண்ணையும் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுத்துவிடுகிறேன். மையத்தைத் தொடாத சின்ன வீக்கம் அங்கே தெரிந்தால், அடுத்த வருகையை முன்கூட்டியே வைக்கும்படி டாக்டரிடம் கேட்பேன். அந்தக் கண்ணில் வெள்ளைக் கோடு இன்னும் முழுதாக இருக்கிறது.