கேள்வி நேரத்தில் எழுந்து போகாதீர்கள்: எனர்ஜி ஆடிட்டர் தேர்வு, இரண்டாவது முயற்சி

தொழிற்சாலைகளில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று ஆய்வு செய்கிறவர்தான் எனர்ஜி ஆடிட்டர். அதற்கான தேர்வின் ரிசல்ட் முந்தாநாள் வந்தது. போன முறை விழுந்த பேப்பர் 2, பேப்பர் 4 இரண்டும் தேறிவிட்டன. தேர்வின் அமைப்பு, விண்ணப்பம், வழிகாட்டிப் புத்தகங்கள் நான்கு பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பொதுச் சொற்பொழிவுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னைத் தேற்றியது அவைதான்.

முதலில் விழுந்த கதை. பேப்பர் 2-இல் நாலு மதிப்பெண் குறைவு. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து கணக்கைப் போட்டுப் பார்த்ததில் ஒரே ஒரு பாய்லர் கணக்குதான் ஆளைக் கவிழ்த்திருந்தது. மணிக்கு 10 டன் நீராவி, 1.8 டன் நிலக்கரி, ஜிசிவி (ஒரு கிலோ கரி எரிந்தால் வரும் வெப்பம்) 4,200 கிலோ கலோரி, நீராவியின் என்தால்பி (ஒரு கிலோவில் உள்ள வெப்பம்) 665 கிலோ கலோரி, ஊட்டுநீர் (பாய்லருக்குள் போகும் தண்ணீர்) 85 டிகிரி. பாய்லரின் திறன் எத்தனை சதவீதம் என்பது கேள்வி. நீராவி எடுத்துக்கொண்ட வெப்பத்தைக் கரி கொடுத்த வெப்பத்தால் வகுக்கும் நேரடி முறை, யார் வேண்டுமானாலும் போடலாம். நான் என்ன செய்தேன் என்றால், நீராவியைக் கிலோ கலோரியில் விட்டுவிட்டு, ஊட்டுநீரை மட்டும் 4.187-ஆல் பெருக்கிக் கிலோ ஜூலுக்கு மாற்றிக் கழித்தேன். விடை 41 சதவீதம். சரியான விடை 76.7.

அலகைக் குழப்பியதுகூடப் பெரிதில்லை. அந்த 41-ஐப் பார்த்ததும் எனக்கு எதுவுமே உறுத்தவில்லை என்பதுதான் அவமானம். நாலு மாதம் புத்தகத்தை மனப்பாடம் செய்தவன், நிலக்கரி பாய்லர் 41 சதவீதத்தில் ஓடாது என்று தெரியாமல் அடிக்கோடு போட்டு, பெட்டி கட்டி வைத்துவிட்டு வந்தேன். அதைத் தொடர்ந்த துணைக் கேள்விகளும் அந்த எண்ணை நம்பியே போயின.

செப்டம்பர் 15 பொறியாளர் தினம், டிசம்பர் 14 எரிசக்தி சேமிப்பு தினம். இந்த இரண்டையும் ஒட்டிப் பொறியாளர் அமைப்புகளும் கல்லூரிகளும் பொதுச் சொற்பொழிவுகள் வைக்கும். அனுமதி பெரும்பாலும் இலவசம். மனம் வெறுத்துப் போயிருந்த ஒரு மாலையில், சும்மா போய் உட்கார்ந்ததுதான் முதல் கூட்டம். வரவேற்புரை, அறிமுகம், பொன்னாடை என்று நாற்பது நிமிடம் போயிற்று. (லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஃபாரடே 1820-களில் தொடங்கிய வெள்ளி மாலை உரைகளுக்கு ஒரு மணி நேரக் கணக்கு உண்டு. நாம் எப்போது கற்றுக்கொள்வோமோ.) பேசியவர் பாய்லர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு சுமார்தான். கேள்வி நேரம் என்று அறிவித்ததும் பாதி அரங்கம் காலியானது.

நான் எழுந்து என் 41 சதவீதக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, கணக்கை விடுங்க. உங்க கணக்குல ஒரு கிலோ கரி எவ்வளவு நீராவி கொடுத்துச்சு?" என்றார். 10-ஐ 1.8-ஆல் வகுத்தேன், ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். "அந்தக் கரிக்கு அது ஒழுங்கான பாய்லர். அது எப்படி 41-ல ஓடும்? பேனாவை எடுக்குறதுக்கு முன்னாடியே எவ்வளவு வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என் நோட்டில் ஒரு பக்கம்தான். பக்கத்தின் மேலே, இயந்திரத்துக்குள் போனது; கீழே, அதிலிருந்து வெளியே வந்தது; ஓரத்தில் "எவ்வளவு?" அவ்வளவுதான். பேச்சாளர் எண் சொல்லவில்லை என்றால் கேள்வி நேரத்தில் கேட்பேன். சிலர் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை.

அப்படிச் சேர்ந்தவற்றில் தேர்வுக்கு நேரடியாக உதவியவை:

- அழுத்தக் காற்றுக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை, 7 பார் அழுத்தத்தில்: 3 முதல் 4 கிலோவாட் வீண்.
- புகைவாயு வெப்பநிலை 22 டிகிரி இறங்கினால் பாய்லர் திறன் சுமார் 1 சதவீதம் ஏறும். ஊட்டுநீர் 6 டிகிரி ஏறினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம்.
- மின் நிலையத்தின் ஹீட் ரேட் (ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் கிலோ கலோரி) 2,450 என்றால் திறன் 35 சதவீதம். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி, அதை ஹீட் ரேட்டால் வகுத்தால் வந்துவிடும், கால்குலேட்டர் வேண்டாம்.
- 1 டிஆர் (குளிரூட்டும் திறனை அளக்கும் டன்) என்பது மணிக்கு 3,024 கிலோ கலோரி. இதை மறந்தவர்கள் குளிரூட்டல் கணக்கைத் தொடவே வேண்டாம்.

இவையெல்லாம் புத்தகத்திலேயே இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன. நானும் படித்திருந்தேன். மண்டையில் நிற்கவில்லை.

பம்ப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்திறன் 51 சதவீதமாகிவிடும், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்திறன் மாறும் என்பதே விதி என்று ஒரு பேச்சாளர் பெருமையாக முடித்தார். பின்வரிசையிலிருந்து பராமரிப்புப் பணியாளர் ஒருவர் எழுந்து, "எங்க தண்ணித் தொட்டி 30 மீட்டர் உயரத்துல இருக்கு சார், வேகத்தைக் குறைச்சா தண்ணியே ஏறலையே" என்றார். அரங்கம் அமைதியானது. உராய்வு மட்டுமே எதிர்ப்பாக இருக்கும் இடத்தில்தான் அந்த விதி அப்படியே பலிக்கும். நிலையான உயரம் கூடக்கூட மிச்சம் குறையும், ஒரு கட்டத்தில் ஓட்டமே நின்றுவிடும். பம்ப் பாடம் வரும் பேப்பர் 3-ஐ நான் முன்பே தேறிவிட்டேன். ஆனாலும் அதில் எதை எழுதித் தேறினேன் என்று அன்றுதான் புரிந்தது.

பேச்சாளர்கள் ஏன் எப்போதும் ஜேம்ஸ் வாட்டிலிருந்து தொடங்குகிறார்கள் என்று எரிச்சல்படுவேன். அது தவறு. 1712-இல் வந்த நியூகோமன் நீராவி இயந்திரம் ஒவ்வொரு அடிக்கும் தன் உருளையையே சூடாக்கிக் குளிர்வித்தது. வாட் குளிர்விப்பதைத் தனிக் கலனுக்கு மாற்றினார், காப்புரிமை 1769. வெப்பத்தை எங்கே கொட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. 540 டிகிரி நீராவிக்கும் 40 டிகிரி கண்டென்சருக்கும் (நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கலன்) கார்னோ எல்லை, அதாவது கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சத் திறன், 61 சதவீதத்துக்கு மேல் வந்தாலும், கண்டென்சர் வழியே போகும் வெப்பம் போய்க்கொண்டேதான் இருக்கும். பேக் பிரஷர் டர்பைன் மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் நீராவியைக் கண்டென்சருக்கு அனுப்பாமல், அந்த வெப்பத்தை ஆலையின் தேவைக்கே திருப்பிவிடுகிறது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒன்றாக எடுக்கும் கோஜெனரேஷன் பாடம் முழுவதும் எனக்கு இந்த ஒரே வரியில் அடங்கிவிட்டது.

தவிர்க்க வேண்டிய கூட்டங்களும் உண்டு. "2047-இல் எரிசக்தி" மாதிரித் தலைப்பு இருந்தால் தேர்வுக்கு ஒன்றும் தேறாது. பாட் திட்டம் (ஆலைகளுக்கு எரிசக்திச் சேமிப்பு இலக்கு வைக்கும் அரசுத் திட்டம்), எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், கார்பன் கிரெடிட் பற்றிய உரைகள் பேப்பர் 1 எழுதுகிறவர்களுக்கு மட்டும். ஸ்லைடைப் படம் பிடிக்காதீர்கள். என் போனில் இருநூறு படங்கள் கிடக்கின்றன, ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. என்பிடெல் (ஐஐடிகளின் இணைய வகுப்புகள்) உரைகள் நல்லவைதான், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தலாம் என்பதால் நான் நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுவேன். தனியாக உட்கார்ந்து படிக்க முடிகிறவர்களுக்கு என் வழி நேர விரயமாகத் தோன்றலாம். எனக்குக் காதில் விழுந்தால்தான் ஏறும்.

பேப்பர் 4: புத்தகம் திறந்து எழுதலாம் என்பது வலை. போன முறை நாலு புத்தகங்களில் அறுபது ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டு போய், தேடியே நேரம் தீர்ந்தது. இந்த முறை ஐந்தே சீட்டு. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் ஓரத்தில் பென்சிலால் ஒரு உத்தேச எண்ணை எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு இடத்தில் விடை அதிலிருந்து வெகுதூரம் போனது. இரண்டிலும் அலகுதான் தவறியிருந்தது.

ரிசல்ட் வந்ததும் அந்தப் பெரியவருக்குப் போன் செய்து தேறிவிட்டேன் என்றேன். "சந்தோஷம் தம்பி. எவ்வளவு?" என்றார். மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார் என்று பிடிபட எனக்கு ஒரு நொடி ஆனது.