அக்காவுக்கு வோட்டு இல்லை

நேற்று, 2019 அக்டோபர் 29, ராத்திரி எட்டேகால் மணி இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, லண்டன் ஹாரோவில், நான் அக்கா என்று கூப்பிடுபவர் வீட்டு ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு மிச்சம் இருந்தது. கொடுத்துவிட்டு வரலாம் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டேன். 438-க்கு 20. டிசம்பர் 12-ஆம் தேதி தேர்தல் என்று பிரிட்டிஷ் கீழவை முடிவு செய்தது. அக்கா அந்த எண்ணிக்கையைக் காதில் வாங்கவில்லை. "அப்ப எங்கட திருத்தத்தை எடுக்கவே இல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானத்திலிருந்து அவர் காத்திருந்தது அதற்குத்தான். இந்தத் தேர்தலில் 16 வயதுப் பிள்ளைகளுக்கும், இங்கே குடியிருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்காரர்களுக்கும் வோட்டு வேண்டும் என்று சில எம்.பி.க்கள் திருத்தம் கொடுத்திருந்தார்கள். அவை நிறைவேறினால் மசோதாவையே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். கடைசியில் அந்த நிலைமையே வரவில்லை. சபையை நடத்திய துணை சபாநாயகர் லிண்ட்சே ஹாய்ல் அந்தத் திருத்தங்களை எடுத்துக்கொள்ளவில்லை. 12-ஆம் தேதியா 9-ஆம் தேதியா என்பதற்குத்தான் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்க்கட்சியான லேபர் கேட்ட 9-ஆம் தேதி 295-க்கு 315 என்று தோற்றது. அக்காவைப் போல லட்சக்கணக்கானவர்களின் விஷயம் சபையில் ஒரு தலை எண்ணிக்கைக்குக்கூட வராமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா சாவகச்சேரிக்காரர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போய், டோர்ட்முண்டில் இருபது வருஷம் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், சொந்தபந்தம் பக்கத்தில் இருக்கட்டும் என்று 2004-ல் லண்டனுக்கு வந்தார். ஜெர்மனி, பிரான்ஸ், ஹாலந்து பாஸ்போர்ட்டோடு இப்படி வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. பதினைந்து வருஷமாக இங்கேயே வேலை, இங்கேயே வரி. கவுன்சில் போன்ற உள்ளூர்த் தேர்தல்களிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் வோட்டு உண்டு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் இல்லை.

நான் கும்பகோணத்திலிருந்து 2013-ல் வந்தவள். என் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு எல்லாத் தேர்தலிலும் வோட்டு உண்டு. முறையான விசாவில் இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக்காரர் யாராக இருந்தாலும், வந்த வருஷமே நாடாளுமன்றத் தேர்தலில் வோட்டுப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தவர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. பழைய சாம்ராஜ்யத்தின் மிச்சம் இது. அந்த மிச்சத்தால் எனக்குக் கிடைத்த ஒன்று அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பிலும் இதே விதிதான். அன்றைக்கு நான் வோட்டுப் போடவில்லை. சோம்பல் இல்லை. இது அவர்கள் வீட்டுச் சண்டை, விசாவில் இருக்கிற நமக்கென்ன என்று நிஜமாகவே நினைத்தேன். ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் குறைந்தால் நம் ஊர் சமையல்காரர்களுக்கு விசா கிடைக்கும் என்று கன்சர்வேடிவ் அமைச்சர் ப்ரீத்தி படேல் கறி ஹவுஸ்காரர்களிடம் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். எங்கள் ஆட்களில் சிலர் அதை நம்பி வெளியேறும் பக்கம் குத்தினார்கள். 51.9-க்கு 48.1 சதவீதம் என்று வெளியேறும் பக்கம் ஜெயித்தது. மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். "நீங்கள் போட்டனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மூன்று வருஷமாக எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் முழுக்க நான் அரசியலைப் பார்த்தது மருந்துக்கடை கவுண்டரிலிருந்து. ஜனவரியில் அப்போதைய பிரதமர் தெரசா மேயின் வெளியேறும் ஒப்பந்தம் 230 வாக்கு வித்தியாசத்தில் விழுந்தது. அரசு ஒன்று சபையில் இவ்வளவு பெரிதாகத் தோற்றதே இல்லை என்றார்கள். மார்ச்சில் இன்னும் இரண்டு முறை விழுந்தது. மார்ச் 29-ல் வெளியேறுவதாக இருந்தது ஏப்ரல் 12 ஆகி, அக்டோபர் 31 ஆகி, இப்போது 2020 ஜனவரி 31. ஒவ்வொரு தேதி நெருங்கும்போதும், ஒப்பந்தமில்லாமல் வெளியேறினால் மருந்து கிடைக்காமல் போகுமோ என்ற பயத்தில் கடைக்கு ஆட்கள் வருவார்கள். ஒரு குஜராத்திப் பெரியவர், மனைவிக்கு இன்சுலின் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்குமா என்று மூன்று தேதிக்கும் வந்து கேட்டார். கூடுதலாக ஆறு வாரச் சரக்கை மருந்துக் கம்பெனிகள் வைத்திருக்கின்றன, நோயாளிகள் சேர்த்துவைக்க வேண்டியதில்லை என்று எங்களுக்கு வந்த சுற்றறிக்கையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. நம்பச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

மே மாதம் நடந்ததையும் எழுதிவைக்க வேண்டும். வெளியேறுவது தள்ளிப்போனதால் மே 23-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் இங்கேயும் நடந்தது. அதில் அக்காவுக்கு வோட்டு உண்டு. புதுச் சேலை கட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் சாவடிக்குப் போயிருக்கிறார். பட்டியலில் அவர் பெயர்மேல் கோடு போட்டிருந்ததாம். பதிவு மட்டும் போதாது, ஜெர்மனியில் போடமாட்டேன் என்று உறுதிமொழிப் படிவம் ஒன்றைத் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஒரு படிவம் அவருக்கு வரவே இல்லை. "உங்கள் நாட்டில் போய்ப் போடுங்கள்" என்று மேசையில் இருந்தவர் சொன்னாராம். நாடு முழுக்க எத்தனையோ பேருக்கு அன்று இதே கதை. "என்ர நாடு எது பிள்ளை?" என்று சாயந்திரம் என்னிடம் கேட்டார். மறுநாள் தெரசா மே பிரதமர் வீட்டு வாசலில் நின்று ராஜினாமாவை அறிவித்தார். எல்லா டிவியிலும் அதுதான்.

அப்புறம் பிரதமராக வந்தவர் போரிஸ் ஜான்சன். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் மூடினார், உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். சொந்தக் கட்சியான கன்சர்வேடிவின் 21 எம்.பி.க்களை வெளியேற்றினார். செப்டம்பர் முழுக்க எங்கள் கடையில் ஒரே பேச்சு, தேர்தல் வருமா, வந்தால் எப்போது. 2011 சட்டப்படி முன்கூட்டித் தேர்தல் வைக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 434 எம்.பி.க்கள் வேண்டியிருந்தது. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை போன திங்கட்கிழமைதான். அதே அன்று ஐரோப்பிய ஒன்றியம் ஜனவரி வரை அவகாசம் கொடுத்துவிட்டது. ஒப்பந்தமில்லாமல் வெளியேறும் அபாயம் இப்போதைக்கு இல்லை என்று லேபர் தலைவர் கோர்பினும் தேர்தலுக்குச் சம்மதித்தார். சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஒரு குட்டிச் சட்டம் எழுதி, ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.

இன்று காலையிலிருந்து எல்லோரும் ஜோசியம் சொல்கிறார்கள். கருத்துக்கணிப்புகளில் ஜான்சன் முன்னால் இருக்கிறார். ஆனால் 2017-லும் தெரசா மே இருபது புள்ளி வரை முன்னால் இருந்துதான் தேர்தலை அறிவித்தார், பெரும்பான்மையை இழந்தார். வெளியேறியே ஆக வேண்டும் என்னும் பிரெக்ஸிட் கட்சியின் தலைவர் நைஜல் ஃபராஜ் எல்லாத் தொகுதியிலும் ஆள் நிறுத்துவாரா என்பது இன்னும் தெளிவாகவில்லை. நிறுத்தினால் யாருடைய வோட்டு பிரியும் என்று ஆளுக்கொரு கணக்கு. எங்கள் ஹாரோ ஈஸ்டில் போன முறை கன்சர்வேடிவ் ஜெயித்தது 1,757 வோட்டில். எனக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான். என் கடைக்கு வரும் ருமேனியர்கள், போலந்துக்காரர்கள், அக்காவைப் போன்ற ஜெர்மன் தமிழர்கள் எத்தனை பேர் இந்த ஒரு தொகுதியில் இருப்பார்கள்! அவர்களையும் சேர்த்து எண்ணினால் முடிவு எப்படி இருக்கும் என்று யாரும் ஜோசியம் சொல்வதில்லை.

பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்துவிடலாமே என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். 2019 கட்டணம் ஒரு ஆளுக்கு 1,330 பவுண்டு. இரண்டு குடியுரிமையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் பிரிட்டன் வெளியேறி முடிப்பதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், 2019 விதிப்படி பிறகு ஜெர்மனி சுலபமாக விடாது. மகளுக்கு முதலில் எடுத்தார்கள். தனக்கு இப்போதைக்கு செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது இங்கேயே தங்கியிருக்கும் அனுமதி, போதும் என்றார். அதையும் மகன்தான் ஆண்ட்ராய்டு போனில் பாஸ்போர்ட்டை வைத்து ஸ்கேன் செய்து வாங்கிக் கொடுத்தான். கையில் ஒரு அட்டைகூட இல்லை, இணையத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான். ஏற்கனவே ஒரு தடவை காகிதமில்லாமல் நாடு விட்டு வந்தவருக்கு அது எப்படி இருக்கும்?

நேற்று கிளம்பும்போது, இந்தத் தடவை கட்டாயம் போடுவேன் அக்கா என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. முறுக்கு டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் அரியதரம் நாலு வைத்துக் கொடுத்தார்.

"பன்னிரண்டாம் தேதி வேலைக்குப் போக முன்னமே போட்டிட்டுப் போங்கோ. பின்னேரம் நாலு மணிக்கே இருண்டிடும், குளிர் வேற" என்றார்.